நூற்றில் நான்கு

மகளின் சிகிச்சையைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று சொல்ல, பெற்றவர்கள் புள்ளியியல் தேர்வில் தேறியிருக்க வேண்டும். என் கணவர் தேவநேசன் முதல் தடவையிலேயே தேறி, நிறுத்தச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் தேறினால்தான் அதைத் தடுக்க முடியும். இரண்டு முறை தோற்றிருந்தேன். இன்று கடைசி வாய்ப்பு.

ஆஸ்பத்திரி கேன்டீனில் அவரே எனக்குப் பாடம் நடத்தினார்.

"நூறு பிள்ளைங்களுக்கு இந்த மருந்து குடுத்தா நாலு பிழைக்குது. அப்ப ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு?"

"அந்த நாலு பிள்ளைங்க யாருங்க?"

"யாருன்னு கணக்குக்குத் தெரியாது எஸ்தர். மறுபடியும் அதையே கேக்காத."

"நம்ம பிள்ளையும் அதுல ஒண்ணுன்னா, அவளுக்கு நூத்துக்கு நூறுதானே?"

அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "இதை எழுதித்தான் ரெண்டு தடவையும் கோட்டை விட்ட."

தேர்வறையில் அதே கேள்விதான் வந்தது. இந்த முறை மகளை மற்ற தொண்ணூற்றொன்பது பேரோடு நிறுத்திப் பார்த்தேன். எல்லோருக்கும் மொட்டைத் தலை, எல்லோர் கையிலும் ஊசி. அதில் என் பிள்ளை எது என்று எனக்கே தெரியவில்லை. நூற்றில் நான்கு என்று எழுதினேன். தேறிவிட்டேன். சிகிச்சை தொடரட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்குப் போனேன்.

மெர்சி விழித்திருந்தாள். "பாஸாம்மா? சூப்பர்! அப்ப எனக்குச் சரியாயிடும்ல?"

மற்ற நாட்களில் அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பேன். இன்று பொய் சொல்லப்போகிறோம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"கண்டிப்பா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.