விளக்கு இறங்கிய ஆழம்

தமாராவின் அண்ணனை முற்றத்தில் சுட்டுப் போட்டுவிட்டுத்தான் சிப்பாய்கள் இருவரும் ஒயின் கிடங்குக்குள் வந்தார்கள். அங்கே தரைக்குள் கழுத்துவரை புதைத்த ஜாடிகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் ஆழம். முதல் ஜாடியின் அடியில் திராட்சைக் கூழ் நுரைத்துப் புளித்துக்கொண்டிருந்தது. கழுவி வைத்த மற்றதில் அவள் கணவன் லெவான் மூச்சை அடக்கி ஒளிந்திருந்தான்.

"உன் புருஷன் இதுக்குள்ளதானே?" என்று சிப்பாய்களில் மூத்தவன் முதல் ஜாடிக்குள் ஏணியை இறக்கினான். "விஷக்காற்று இருக்கான்னு விளக்கை விட்டுப் பார்ப்பீங்களாமே. விடு, பார்க்கலாம்."

"ஆமாங்க. அணைஞ்சா நாங்க யாரும் இறங்க மாட்டோம்."

விஷக்காற்று அடியில்தான் தேங்கும் என்பதால், வழக்கமாக விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விடுவார்கள். தமாராவின் கை ஒரு முழத்திலேயே நின்றது. சுடர் ஆடாமல் எரிந்தது.

அவன் துப்பாக்கியோடு இறங்கினான். பாதியில் ஒரு இருமல் கேட்டது. பிறகு கூழில் உடல் விழுந்த சத்தம்.

"வாசனைக்கே மட்டையாயிட்டாரா?" என்று சிரித்த இளையவன், பதில் வராததும் அவள் பிடரியில் துப்பாக்கியை வைத்தான். "கயிற்றை முழுசா விடு."

விட்டாள். சுடர் பொட்டென்று அணைந்தது. அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி, அவளுக்கு முதுகு காட்டி விளிம்பில் குனிந்து, "அண்ணே" என்று கூப்பிட்டான்.

தமாரா கயிற்றை நழுவ விட்டாள். இப்போது அவளுடைய இரண்டு கைகளும் சும்மா இருந்தன.