பட்டைக்காரி

மகன் கையில் கட்டியிருந்த பேசும் பட்டையைக் கண்டாலே சகாயமேரிக்கு வயிறு எரிந்தது. ஆளில்லாமல் காதில் கேட்கும் குரல்களை அடக்க விழுங்கிய மாத்திரைகளில் பிரிட்டோவின் உடம்பு ஊதி, இந்த வயசிலேயே சர்க்கரை எட்டிப் பார்த்தது. நடக்க வா என்று அவள் தொண்டை வற்றக் கெஞ்சியும் அசையாதவன், ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட அந்தப் பட்டை பெண்குரலில், "பிரிட்டோ, கடற்கரை வரைக்கும் போவோமா?" என்றதும் செருப்பை மாட்டினான். அது சொன்னால் பரோட்டாவைக்கூடத் தள்ளி வைத்தான். பெற்றவள் நான், பேர் வாங்குவது இவளா என்று கறுவினாள்.

ஒரு மாலை, அவன் குளிக்கப் போன நேரம் பட்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். அவன் வெளியே வந்ததும் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"பிரிட்டோ, நடந்துட்டு வருவோம், வாய்யா."

அவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டான். அவள் ஓடிப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தான்.

"இப்பக் கூப்பிட்டது நீதானாம்மா?"

"வேற யாருய்யா கூப்பிடுவா?"

"உள்ள பேசுறதும் உன் குரல்லதாம்மா பேசுது. இப்படித்தான் வாய்யா வாய்யான்னு மொட்டைமாடிக்குக் கூப்பிடும். பட்டையோட குரல் மட்டும் அதுக்கு வராது."

சகாயமேரி அரிசிக்குள் கையை விட்டுப் பட்டையை எடுத்தாள். அதன் பக்கம் குனிந்து, முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினாள்.

"நடக்க வரச் சொல்லி அவன் அம்மா கூப்பிடுதான்னு, கொஞ்சம் சொல்லுதியளா?"