அவர் எழுதாத பன்னிரண்டு மதிப்பீடுகள்

சான்றிதழைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

இந்த ஆண்டின் சிறந்த மதிப்பீட்டாளர். தங்க எழுத்தில் அவர் பெயர்.

பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிட்டதற்காக ஆய்விதழ் தபாலில் அனுப்பியிருந்தது.

அவர் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான்கு வருடம். மீன்களைப் பற்றி அவர் கடைசியாக ஊன்றிப் படித்தது ஓட்டல் பட்டியலில்.

இதழுக்கு எழுதிப் பன்னிரண்டு கட்டுரைகளையும் அவற்றின் மதிப்பீடுகளையும் வரவழைத்தார்.

பதினொரு கட்டுரைகள் ஆவுடையப்பனுடையவை. இவரிடம் முனைவர் பட்டம் வாங்கியவன். இவர் எழுந்த நாற்காலியில் இப்போது துறைத்தலைவன்.

கட்டுரை அனுப்புகிறவரே, இதை இன்னார் மதிப்பிடலாம் என்று ஒரு பெயரும் மின்னஞ்சலும் தரலாம். அது அந்த இதழின் வழக்கம். ஆவுடையப்பன் இவர் பெயரைத் தந்திருந்தான். மின்னஞ்சலை மட்டும் சொந்தமாகச் செய்துகொண்டான். தன் கட்டுரையைத் தானே படித்து, தானே மெச்சி, இவர் பெயரைப் போட்டுவிட்டான்.

"அருமை. அப்படியே வெளியிடலாம்."

பதினொரு முறை.

அதுதான் பொறுக்கவில்லை.

பெயரைத் திருடட்டும். 'அருமை'யா? முப்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தச் சொல்லை அவர் யாருக்கும் எழுதியதில்லை. தன் கல்யாணப் பத்திரிகையையே மூன்று தடவை திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியவர். முகூர்த்தமே தப்பப் பார்த்தது.

பன்னிரண்டாவது கட்டுரை ஜெசிந்தா என்பவளுடையது. விளாத்திகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். இவ்வளவு சுறுசுறுப்பான மதிப்பீட்டாளர் வாய்த்துவிட்டாரே என்று, இதழே அதையும் அந்தப் பொய் முகவரிக்கு அனுப்பியிருந்தது.

சாயக்கழிவால் குளத்து மீன்குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆவுடையப்பன் பதினொரு விதமாக எழுதியிருந்தான்.

சாகின்றன என்று அவள் ஒரே ஒரு விதமாக எழுதியிருந்தாள்.

"குப்பை. நிராகரிக்கவும்."

கீழே அவர் பெயர்.

ஆவுடையப்பனை அழைத்தார். தொலைபேசி இல்லாமலே காதில் விழுந்திருக்கும். அப்படிக் கத்தினார்.

"எல்லாம் குருபக்திதான் சார்," என்றான் அவன். "அந்தப் பொண்ணு பேப்பரை நீங்க படிச்சிருந்தாலும் தூக்கித்தான் எறிஞ்சிருப்பீங்க. உங்க அலைச்சலை மிச்சம் பண்ணேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"வர்ற பதினாலாம் தேதி அந்தப் பொண்ணுக்கு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ சார். ஒரு பேப்பராவது இல்லேன்னா உள்ளேயே விட மாட்டாங்க. நீங்க பேசாம இருங்க. நாளைக்கே அது பேப்பரை ஏத்துக்கிட்டதா கடிதம் போயிடும். எடிட்டர் நம்ம ஆளு."

புகார்க் கடிதம் கணினியில் தயாராக இருந்தது. நான்கு பக்கம். அயோக்கியன் என்பதற்கு மட்டும் ஏழு மாற்றுச் சொற்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, ஆசிரியர் குழுவின் இருபத்தாறு பேருக்கும் ஒவ்வொன்று.

அனுப்பினால் விசாரணை. விசாரணை முடியும்வரை பன்னிரண்டும் நிற்கும்.

அவளுடையதும்.

விரல் அந்தரத்தில் நின்றது.

மதிப்பிடுகிறவர் கட்டுரை எழுதியவரை அழைக்கக் கூடாது. அவர் ஒருநாளும் மீறாத விதி.

நான்தான் மதிப்பிடவே இல்லையே, என்று சொல்லிக்கொண்டு ஜெசிந்தாவின் எண்ணை அழுத்தினார்.

எல்லாவற்றையும் சொன்னார். பதினாலாம் தேதியையும்.

அந்தப் பக்கம் எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது.

"இப்ப ஏத்துக்கறேன்னு சொல்றாங்களே, அவங்களாவது படிச்சாங்களா சார்?"

"இல்லம்மா."

"ஒரு பக்கம்?"

"தலைப்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க."

அழுகிறாளோ என்று பயந்தார்.

அழவில்லை. கோபத்தில் மூச்சு வாங்கியது அவளுக்கு.

"எட்டு மாசம் அந்த மீன்தொட்டிப் பக்கத்துலயே கிடந்தேன் சார். உங்க லெட்டரை அனுப்பிடுங்க."

"அனுப்பினா வேலை..."

"தெரியும் சார். அனுப்பிட்டு என் பேப்பரைப் படிங்க. ஒருத்தராவது படிக்கணும்."

அனுப்பினார். இருபத்தேழு பேருக்கும்.

பிறகு படித்தார். சாப்பாட்டுக்கு எழவில்லை. எழுந்திருக்கச் சொன்ன மனைவியிடம் மீன்குஞ்சுகளின் செவுள்களைப் பற்றி விளக்கினார். தட்டைத் திரும்ப எடுத்துப் போய்விட்டாள்.

முதல் பக்கத்தில் நாற்பது மீன்குஞ்சுகள்.

ஐந்தாம் பக்கத்தில் செத்தவை இருபத்தொன்பது, பிழைத்தவை ஒன்பது.

இன்னொரு முறை கூட்டினார்.

இவளுமா?

மறுபடி அழைத்தார்.

"ரெண்டு குறையுது. எங்கே?"

"பூனை சார்."

"என்னது?"

"ஒருநாள் தொட்டியை மூட மறந்துட்டேன். எழுதினா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"எழுதும்மா," என்றார்.

"பூனைன்னேவா சார்?"