பேன் இல்லாத மீன்கள்

வெளிநாட்டில் ஒரு குளிர்ந்த கடலில் சால்மன் மீன் வளர்க்கும் இரண்டு கம்பெனிகள் ஒன்றாக இணையப்போவதாகப் பேச்சு வந்தபோது, ஒன்றில் ரெக்சனும் மற்றொன்றில் அவன் மனைவி பிலோமினாவும் பண்ணை மேலாளர்களாக இருந்தார்கள். இணைந்த பிறகு ஒரு மேலாளர் போதும் என்று சொல்லி பிலோமினாவைத் தேர்ந்தெடுத்து, ரெக்சனை அவளுக்குக் கீழே வேலைக்கு வைத்தார்கள். ரெக்சன் கேக் வாங்கி வந்தான். அவளுக்கு ஊட்டிவிட்டுத் தன் துண்டைத் தொடாமலே எழுந்து போனான்; சந்தோஷத்தில் பசி மறந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் கம்பெனி அதிகாரிகளோடு படகில், கடலில் மிதக்கும் அவனுடைய மீன் கூண்டுகளைப் பார்க்க வந்தாள். தூறலில் அவர்களில் ஒருவர் அவளுக்குக் குடை பிடித்திருந்தார். வலையில் அள்ளிய மீனைக் கையில் எடுத்துப் புரட்டினாள். தோலில் ஒட்டி மீனை அரித்துத் தின்னும் கடல்பேன் ஒன்றுகூட இல்லை. அவளுடைய கூண்டுகளில் பேன் அரித்து மீன்கள் செத்துக்கொண்டிருந்தன.

"எப்படிங்க இது? என்னால ஒண்ணையும் காப்பாத்த முடியலயே," என்றாள்.

தீவனத்தை ஆழத்தில் போட்டால் மீன் மேலே வராது, மேல்தண்ணீரில் திரியும் பேன் ஒட்டாது. அவ்வளவுதான் அவன் செய்தது. ரெக்சன் குடையையே பார்த்தான்.

"தெரியல, மேடம்."

புருஷன் கேலி செய்கிறான் என்று அதிகாரிகள் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. கையில் துள்ளும் மீனை விடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.