துடக்கு

“துடக்கு, டீச்சர்” என்று சாமி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள் வள்ளிநாயகி.

திருநீற்றுத் தட்டோடு உள்ளே நின்ற விடுதி டீச்சர் யோகலட்சுமிக்கு அப்பாடா என்றிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் தீட்டெல்லாம் துடக்குத்தான். பெண்பிள்ளைகள் விடுதியில் யாராவது ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கும் சொல் அது. சாமிக்கு முன்னால் வைத்து இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் தண்டனை இன்றைக்கு இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? முந்தாநாள் சியாமிலிருந்து தப்பி வந்த லாரி டிரைவர் அப்துல் ரசாக், விடுதியைத் தேடி வந்திருந்தார். கேட்டைத் திறந்து அவரை உள்ளே அனுப்பியதே வள்ளிநாயகிதான்.

“ஐயாத்துரை கிராணி போயிட்டாரு லா, அக்கா. ரயில் ரோட்டுல காலரா. நான்தான் மண்ணு அள்ளிப் போட்டேன்.”

சுங்கை பாக்காப் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான வள்ளிநாயகியின் அப்பாவை, சியாமில் ரயில் பாதை போட, ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தான். வள்ளிநாயகிக்குத் தாயும் இல்லை. ஜப்பான் மொழிப் பரீட்சையில் தேறினால் தபால் கந்தோரில் வேலையும் அரிசியும் கிடைக்கும். தேறாவிட்டால் விடுதியிலும் இடமில்லை. போக வீடும் இல்லை.

‘பரீட்சை முடியட்டும், சொல்லுவம்’ என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள் யோகலட்சுமி. அழுகிற பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? ஆனால் வாய்மொழித் தேர்வில் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் வாயாலேயே பொய்யையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

“எங்க சொல்லு, பிள்ளை. அப்பா சுகமா இருக்கிறார்.”

“ச்சிச்சி வா கென்கி தெசு.”

பிசிறில்லாமல் சொன்னாள் வள்ளிநாயகி. கேட்ட டீச்சருக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, மரவள்ளிக் கிழங்கோடு தன் பங்கு நெத்திலிக் கருவாட்டையும் அவள் தட்டில் வைத்துப் பார்த்தாள். கருவாட்டுக்கு ஆலாய்ப் பறக்கிற அந்தக் காலத்தில், வள்ளிநாயகி அதைத் தொடாமல் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டாள். வயிற்று நோவாக்கும் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள் யோகலட்சுமி.

அடுத்த வாரம் பரீட்சை வந்தது. காலையில் குளித்து, தலை பின்னி, புறப்பட்டு நின்றாள் வள்ளிநாயகி.

“இண்டைக்காவது உள்ள வந்து திருநீறு பூசிக்கொண்டு போ, பிள்ளை.”

“துடக்கு, டீச்சர்.”

“என்னடி, இன்னும் நிக்கேல்லையோ?” யோகலட்சுமி தட்டோடு வாசலுக்கே வந்துவிட்டாள். “ஏன் முதலே சொல்லேல்லை? பரீட்சை முடிய டாக்டரிட்டப் போவம். என்னட்ட ஒண்டையும் ஒளிக்கக் கூடாது, கண்டியோ!”

சொன்ன மாத்திரத்தில் அவள் நாக்கே அவளைச் சுட்டது.

வள்ளிநாயகி படியில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண் மட்டும் சிவந்திருந்தது.

“இது அந்தத் துடக்கு இல்லை, டீச்சர். அப்பாவின்ர துடக்கு.”