இறங்க ஒரு ஸ்டூல்

வாசலில் ஸ்டூல் இல்லை.

அவர் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தார்.

யாரும் வரவில்லை. வீடு பின்னால் போய்விட்டது.

ஸ்டூல் இல்லாமல் இறங்க வராது. இன்னொரு சுற்று சுற்றித்தான் ஆக வேண்டும்.

தூங்கிவிட்டிருப்பாள். இல்லையென்றால் வேண்டுமென்றே செய்கிறாள். பெண்டாட்டிதான். அவள் மனசில் இருப்பது மட்டும் யாருக்குத் தெரியும்.

பால் பூத்தில் திரும்பி, பின்தெரு வழியாக, குழாயடி தாண்டினால் மறுபடி வீடு. இருபத்தெட்டு நாளாக இதே தடம்தான்.

அறுபத்து மூன்று வயது. நாற்பது வருஷம் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். சைக்கிள் மட்டும் ஓட்டினதில்லை. இடது முட்டி மூட்டையோடு போயிற்று. ஊன்றினால் மடங்கும். ஆள் வேறு குள்ளம். வலது காலும் தரைக்கு எட்டாது. சீட்டை இறக்கியாயிற்று. அதற்கு மேல் இறங்காது.

முதல் நாள் சுவரைப் பிடித்து இறங்கப் பார்த்தார். முழங்கைத் தோல் போயிற்று.

அதனால் ஏறவும் ஸ்டூல், இறங்கவும் ஸ்டூல்.

வெளியே விட்டால் எவனாவது எடுத்துக்கொண்டு போவான். அவர் ஏறியதும் பச்சையம்மா அதை உள்ளே கொண்டுபோக வேண்டும். மணி கேட்டதும் வெளியே கொண்டுவர வேண்டும். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

"ஒடஞ்சிபோன ஸ்டூலு. இத எவன்யா தூக்கப்போறான்?" என்று அவள் கேட்டாள்.

கேட்டாலும் தூக்கினாள். ஊசி போடுகிற கையால் எதையும் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கையால் தூக்கினாள்.

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு டிரஸ்ட் செய்கிறது. காசு வாங்குவதில்லை.

காசு வாங்காதவனை அவர் நம்பினதே இல்லை.

அதே டிரஸ்ட்தான் சைக்கிள் பயணம் நடத்துகிறது. திண்டிவனத்திலிருந்து சென்னை. நூற்றிருபது கிலோமீட்டர். இன்னும் இரண்டு மெஷின் வாங்க நன்கொடை சேர்க்கிறார்களாம். நோயாளி வீட்டு ஆட்களும் வரலாம் என்று சுவரில் ஒட்டியிருந்தது. நர்ஸ் வாசித்துக் காட்டினாள்.

வரலாம்.

வராதவன் பெயரைக் குறித்துக்கொள்வோம் என்று அவருக்குக் கேட்டது.

பெருவிரலை அழுத்திக் கொடுத்தார். சைக்கிளும் அவர்களே கொடுத்தார்கள்.

"ஐயா, நீங்க ஓட்டலன்னா பச்சையம்மாவ யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க. இந்த வயசுல எதுக்கு?" என்றாள் நர்ஸ். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வேலைக்கு வர வேண்டாம் என்று மில் மேனேஜரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

நேற்று ராத்திரி பச்சையம்மாவும் சிரித்தாள். "இன்னாய்யா, மெட்ராஸ் வரைக்கும் ஸ்டூலத் தூக்கினு நான் பின்னாலயே ஓடியாரணுமா?" சொல்லிவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விடிந்தால் வெள்ளிக்கிழமை, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று அவர் படுத்துவிட்டார்.

மறுபடி வீடு.

கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மணியை விடாமல் அடித்தார்.

ஸ்டூல் வரவில்லை.

மூன்றாவது சுற்று. முட்டி எரிந்தது. குழாயடியில் குடத்தோடு நாலு பேர் நின்றார்கள். எதிர்வீட்டு ஏகாம்பரம் கையை உயர்த்தினான்.

"இன்னா பெருசு, இன்னிக்கு நிக்கவே காணோம்! மெட்ராஸ எட்டிப் புடிச்சிடுவ போலக்கீதே!"

ஸ்டூல் இல்லை என்று சொல்லலாம். என்னைப் பிடியுங்கள் என்று கேட்கலாம். உள்ளே போய்ப் பாருங்கள் என்றாவது கேட்கலாம்.

கேட்டால் நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள்.

மிதித்தார்.

பின்னால் கைதட்டினார்கள்.

இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. மெதுவாக மிதித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். வெயில் வீட்டுக்குள் ஒரு முழம் போயிருந்தது.

வாசற்படிக்கு உள்பக்கம் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது.

அதன் காலை ஒரு கை பிடித்திருந்தது. கை மட்டும்தான் வெயிலில் இருந்தது. கண்ணாடி வளையல், ஊசிக் காயம் ஏதும் இல்லாத கை.

அவர் பிரேக்கைப் பிடிக்கவில்லை.

ஹேண்டிலை வாசற்படிக்கு நேராகத் திருப்பினார்.

குழாயடியில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.