மூன்றாவது ஃப்ளஷ்

மூன்றாவது முறையாக உள்ளே தண்ணீர் பாய்ந்தது.

அவள் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். கையில் துவைத்த துண்டு. ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்கு.

ஒரு முறை, சரி. இரண்டு முறைகூடப் போகட்டும். ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிற மனுஷன் மூன்று முறை அமுக்குவாரா?

சந்தேகம் இன்றைக்கு வந்ததல்ல.

குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். எல்லாவற்றிலும் சுவரில் மாட்டிய பழைய வெஸ்டர்ன் டாய்லெட். ஒரு தடவை அமுக்கினால் ஒரு வாளித் தண்ணீர் போய்விடும். அவற்றைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குறைவாகப் பிடிக்கிற புது மாடல் மாட்டலாமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அவள் கணவர் மட்டும் தூக்கவில்லை.

பழசே நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

அப்போதே அவளுக்கு உறுத்தியது.

எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். விட்டுவிட்டதாகச் சொன்ன பீடியை மறுபடி தொட்டுவிட்டாரோ? சட்டைப் பையைத் துழாவினாள். துண்டை முகர்ந்து பார்த்தாள். பிளம்பர் சகாயம் பழையதைக் கழற்றிய அன்று, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்திலேயே நின்றாள்.

சுவரில் இரண்டு போல்ட். துருக் கறை. செத்த கரப்பான் ஒன்று.

வேறொன்றும் இல்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

சகாயம் புதியதை மாட்டி, சின்ன பட்டன் எது, பெரிய பட்டன் எது என்று காட்டினார். கனமானதெல்லாம் போய்விடும், லேசாக மிதக்கிறதுதான் சில சமயம் திரும்பி வரும் என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

பின்னால் நின்ற கணவர் சிரிக்கவில்லை.

இந்தக் கதவுக்கு வெளியே நிற்பது அவளுக்குப் பழக்கம்தான்.

நான்கு வருஷம் அவருக்கு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதுவும் அளந்து. கதவுக்குப் பின்னால் சத்தமே வராது. பிறகு அவளுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து அவருக்கு வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள், உள்ளே அவர் சிறுநீர் கழிக்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. அவள் இதே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சிறுநீரகத்தை அவர் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, காலை ஒன்பதுக்கு ஒரு கேப்ஸ்யூல், இரவு ஒன்பதுக்கு ஒன்று. அவளே உள்ளங்கையில் வைப்பாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். குடித்ததும் பாத்ரூம் போவார்.

அந்த மருந்துக்குக் கை நடுங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நடுங்கியது. கேரமில் மாவட்டக் கோப்பை வாங்கிய விரல். காபி டம்ளரைப் பிடித்தால் சட்டையெல்லாம் காபி. போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, யாரோடும் பேசாமல் கிடந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடுக்கம் நின்றது. தானாகவே நின்றது. போர்டு வெளியே வந்தது. அவர் ஒரே அடியில் ரெட் காயைக் குழிக்குள் தள்ளிய அன்று, அவள் கேசரி கிளறிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள்.

போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார். ரத்தத்தில் மருந்தே காணோமே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இப்படியே போனால் வைத்த சிறுநீரகம் தாங்காது என்றார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானே என் கையால் கொடுக்கிறேன் என்றாள்.

கணவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வேளைக்கு இரண்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கதவு திறந்தது.

அவர் வெளியே வந்தார். துண்டை நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

அவள் உள்ளே போனாள்.

தண்ணீர் இன்னும் அடங்கவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வளைவுக்குள்ளிருந்து ஒரு கேப்ஸ்யூல் மேலே வந்தது.

அதன் பின்னாலேயே இன்னொன்று.

பெரிய பட்டனை அமுக்கினாள். இரண்டும் போயின.

இரண்டும் திரும்பி வந்தன.

ஊருக்கெல்லாம் கேசரி கொடுத்தோமே என்று நினைத்தாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி.

ஹாலில் காய் தட்டும் சத்தம் கேட்டது. சுத்தமான அடி.

டப்பாவிலிருந்து வேறு இரண்டு கேப்ஸ்யூல்கள் எடுத்தாள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

அவர் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ரெட் வைக்கும் இடம் மட்டும் பாக்கி.

கேப்ஸ்யூல்களை அங்கே வைத்தாள். தண்ணீரைப் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எதிரே உட்கார்ந்தாள். இடது விலாவுக்குக் கீழே தையல் போட்ட இடம் இழுத்தது. உட்காரும்போதெல்லாம் இழுக்கும்.

"என்னோடத வெச்சுதானே இவ்ளோ நாளா ஆடுறீங்க," என்றாள். "எனக்கும் ஒரு ஆட்டம் குடுங்க."

அவர் போர்டின் நடுவைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. பவுடரைத் துடைத்தார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தார்.

இரண்டு மாதமாக நடுங்காத விரல், நடுங்கியது.